கோப்பிக்கு ஒரு துணைக்கால்: மலையகச் சுற்றுலாவுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளே,

மலையகத்துக் கோப்பியைக் காட்டி உல்லாசப் பயணிகளை அழைக்க வேண்டும் என்ற பேச்சு கொழும்பில் அவ்வப்போது எழுவதையும், நகரத்துப் புதுக் கடைகளில் உள்ளூர்க் கோப்பி என்று எழுதிப் போட்டு விற்பதையும் கவனித்துவரும் ஒருவன் இந்த மடலை எழுதுகிறேன். கொழும்பு அச்சகங்களில் ஒப்புநோக்குநராக நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்று, கொட்டாஞ்சேனையில் வசிக்கிறேன். என் தாயார் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக் காம்பராவில் பிறந்தவர். நான் கேட்க வந்திருப்பது ஒன்றுதான். இந்த நாட்டின் கோப்பிக் கதையை நீங்கள் எந்த ஊரில் எந்தப் பலகையில் எழுதினாலும், அந்தக் கோப்பியைச் சுமந்தவர்களையும் அதற்குள் எழுதுங்கள்; அதைத் தமிழிலும் எழுதுங்கள், எழுதும் தமிழைப் பிழையில்லாமல் எழுதுங்கள்.

இதைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் கொழும்பில் இருந்தபோது எனக்கு வரவில்லை. கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்து ஏற்காட்டில், வேலை எதுவும் இல்லாமல் சுற்றித் திரிந்த ஒரு நாளில்தான் வந்தது. ஆகையால் அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல அனுமதியுங்கள்.

சென்ற ஆண்டு தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் அம்மாவும் மனைவியும் நானும் கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்குப் பறந்து, அங்கிருந்து சேலத்துக்கு வந்து, ஒரு வாடகைக் காரில் சேர்வராயன் மலை ஏறினோம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் வீதியில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டிருக்கிறார்கள். எண்பத்திரண்டு வயதான என் தாயார் அவற்றை விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்து, இருபதாவது முடிந்ததும், "இறம்பொடைப் பாதைய விட இது ஒண்ணும் பெரிசில்ல" என்று தீர்ப்புச் சொன்னார். மலையகத்தில் பிறந்தவர்கள் வேறெந்த மலையையும் லேசில் ஒப்புக்கொள்வதில்லை.

ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவை விடத் தாழ்வு, குளிரும் அதற்கேற்ற அளவுதான். நடுவில் ஓர் ஏரி, அதைச் சுற்றிக் கடைகள், பள்ளிக்கூடங்கள், இரண்டு மூன்று தேவாலயங்கள். படகுத் துறைக்கும் காட்சி முனைகளுக்கும் கூட்டம் வந்து போகிறது. அவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை, படகுத் துறை எங்கும் ஒன்று போலத்தான் இருக்கிறது. காலையில் ஏரியின் மேலிருந்த மூட்டம் விலகும்வரை கரையோரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அம்மா சால்வையால் காதை மூடிக்கொண்டு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களை எழுப்பவோ, எங்கே போகிறீர்கள் என்று கேட்கவோ, ஏதாவது வாங்கச் சொல்லவோ ஒருவரும் வரவில்லை. முதியவர் ஒருவருடன் பயணம் செய்பவருக்கு உட்கார ஓர் இடம் எவ்வளவு பெரிய வசதி என்பது, அப்படிப் பயணம் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு கடைத் தெருவுக்கு வந்தோம். அங்கே கோப்பி வறுத்து அரைத்து விற்கும் சிறிய கடை ஒன்று, வாசனையாலேயே எங்களை உள்ளே இழுத்தது. ஒரு பக்கம் வறுக்காத பச்சை விதை நிறைந்த சணல் சாக்குகள். மறு பக்கம் கறுத்துப்போன உருளை ஒன்றில் விதை சலசலவென்று சுற்றிக்கொண்டிருந்தது. கடையை நடத்திய அம்மையார் விதையை நிறுத்து அரைவை இயந்திரத்தில் கொட்டுவதற்கு முன்பு, "சிக்கரி எவ்வளவு போடட்டும்மா, 80-க்கு 20-ஆ?" என்று என் தாயாரிடம் கேட்டார். கோப்பியோடு சிக்கரி வேர்த்தூளைக் கலக்கும் அந்தக் கணக்கு அம்மாவுக்குப் புரியவில்லை. "சிக்கரி எதுக்கு? எங்க வீட்டுல கொத்தமல்லியும் சுக்கும்தான் போடுவோம்" என்றார். கடைக்கார அம்மையார் சிரித்துவிட்டு, "நீங்க எந்த ஊரு?" என்றார். கொழும்பு என்றதும், "சிலோனா! அங்க காப்பி வெளையாதா?" என்று கேட்டார்.

அம்மா தயங்காமல், "வெளஞ்சிச்சு. இப்ப தேயிலதான்" என்று சொல்லி முடித்துவிட்டார். எனக்கோ அந்தக் கேள்வி அன்று முழுவதும் தீரவில்லை.

பகல் பொழுதில், தங்கியிருந்த விடுதிக்காரர் ஏற்பாடு செய்த தோட்டத் தொழிலாளி ஒருவர் எங்களைத் தாம் வேலை செய்யும் கோப்பித் தோட்டத்துக்குள் அழைத்துப் போனார். உயர்ந்த சில்வர் ஓக் மரங்களின் நிழலில், மிளகுக் கொடி தண்டைச் சுற்றி ஏறியிருக்க, அதன் கீழே ஆள் உயரத்துக்குக் கோப்பிச் செடிகள் நின்றன. அறுவடையின் கடைசிக் காலம். கிளைகளில் அங்கங்கே சிவந்த பழங்கள் எஞ்சியிருந்தன, பறித்ததெல்லாம் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு பழத்தைப் பறித்து இரு விரல்களால் பிதுக்கினார். தோல் கழன்று, வழவழப்பான சாற்றோடு முகத்தை முகம் பார்த்தபடி இரண்டு விதைகள் வெளியே வந்தன. அவற்றை வாயில் போட்டுச் சப்பி, இனிப்பு தீர்ந்ததும் உள்ளங்கையில் துப்பி, புடைவைத் தலைப்பில் துடைத்துப் பத்திரப்படுத்திக்கொண்டார். அவருடைய பாட்டி, லயத்துப் பின்புறத்தில் நின்ற நான்கைந்து கோப்பி மரங்களின் பழத்தை அப்படித்தான் பிதுக்கிக் காயவைத்து, தாச்சியில் வறுத்து, உரலில் இடித்து வைப்பாராம். துரைமாருக்குத் தேயிலை, எங்களுக்குக் கோப்பி என்று அந்தப் பாட்டி சொல்லுவதை அம்மா முன்பும் சொல்லியிருக்கிறார். கையில் பழத்தோடு அவர் அதைச் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

அப்போது அந்தத் தொழிலாளி ஒரு செடியின் இலையைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கத்தில் மஞ்சளும் செம்மஞ்சளுமாகச் சில புள்ளிகள். பெருவிரலால் தடவியபோது மஞ்சள் தூள் போல விரலில் ஒட்டிக்கொண்டது. "இதுதான் துரு நோய். முழுசா ஒழிக்க முடியாது, மழைக்கு முன்னும் பின்னும் போர்டோ கலவை மருந்து அடிப்போம்" என்றார் அவர். நான் அந்த விரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சகத்தில் எத்தனையோ வரலாற்று நூல்களை மெய்ப்புப் பார்த்தபோது வரி வரியாகக் கடந்துபோன ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற துருப் பூஞ்சணத்தின் பெயர், என் பெருவிரலில் ஒரு தூளாக இருந்தது. இலங்கையின் கோப்பியைத் தின்று முடித்தது அந்தத் தூள்தான்.

அந்தக் கதையைத் தாங்கள் அறியாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. என்றாலும், அது எப்படிச் சொல்லப்பட வேண்டும் என்பதைப் பற்றியே இந்த மடல் என்பதால், நான் அறிந்த முறையில் அதைச் சொல்லிப் பார்க்கிறேன். ஆங்கிலேய ஆட்சியில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் 1820-களில் தொடங்கிய பெருந்தோட்டக் கோப்பி, ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொறுவையில் தாமே தோட்டம் போட்டுக் காட்டிய பின்னர் வேகம் பிடித்தது. 1830-களின் பிற்பகுதியிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் கண்டிப் பிரதேசத்துக் காடுகள் மலைமலையாக வெட்டப்பட்டன. 1870 அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி இறாத்தல் கோப்பி இந்தத் தீவிலிருந்து ஏற்றுமதியாகி, உலகின் முன்னணிக் கோப்பி நாடுகளில் ஒன்றாக இது இருந்தது. அந்தக் கோப்பியை மாட்டு வண்டிகளில் கொழும்புக்கு இறக்குவதில் ஏற்பட்ட தாமதமும் செலவுமே கண்டிக்குப் புகையிரதப் பாதை போடத் தூண்டின. 1867-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதை 1874-இல் நாவலப்பிட்டிக்கும் 1880-இல் மாத்தளைக்கும் நீண்டது. கொழும்பிலிருந்து பயணி ஒருவர் மலையகத்தை நோக்கி இன்று ஏறும் புகையிரதம், அவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ, கோப்பிக்காகப் போட்ட தண்டவாளத்தில்தான் ஓடுகிறது.

1869-இல் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இலையின் கீழ் அந்தத் தூள் காணப்பட்டது. இலை உதிர்ந்தாலும் மழைக்குத் திரும்பத் துளிர்த்ததால், தானாகவே சரியாகிவிடும் என்று தோட்டக்காரர்கள் பல ஆண்டுகள் நம்பியிருந்தார்கள். 1880-இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வரவழைக்கப்பட்டு, பூஞ்சணத்தின் விதை ஈர இலையில் முளைத்து இலையின் நுண்துளை வழியே உள்ளே நுழைவதை விளக்கியபோது நேரம் கடந்துவிட்டது. நிழல் மரமும் காற்றுத் தடையும் இல்லாமல், மலை முழுவதும் ஒரே பயிராக அராபிக்கா வகைக் கோப்பியை நட்டு வைத்திருந்தது நோய்க்குப் பாய் விரித்தது போலாயிற்று. 1884-இல் ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் வீழ்ந்ததோடு பலருடைய சேமிப்பும் போனது. தோட்டங்கள் முதலில் கொயினா மருந்து தரும் சின்கோனா மரத்துக்கும் பிறகு தேயிலைக்கும் மாறின. 1867-இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை தேயிலை நட்ட கதை எல்லா வழிகாட்டி நூல்களிலும் இருக்கிறது. அவரும் 1852-இல் இங்கு வந்தது கோப்பித் தோட்டத்து வேலைக்குத்தான் என்பது அவற்றில் ஒரு வரிதான்.

இந்தக் கதையை இப்படியே சொல்லி நிறுத்தினால் ஆளுநர், துரை, தாவரவியலாளர், வங்கி என்று எல்லோருக்கும் பெயர் உண்டு. பழத்தைப் பறித்தவருக்கும் சுமந்தவருக்கும் மட்டும் இல்லை. காடு வெட்டவும், நடவும், பறிக்கவும் தஞ்சாவூர், திருச்சி, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணிமார் அழைத்து வந்த மக்கள், பாக்குநீரிணையைத் தோணியில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் அம்மையிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே விடப்பட்டார்கள். கோப்பிக் காலத்தில் அவர்களில் பலர் பருவத்துக்கு மட்டுமே வந்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கோப்பி அறுவடை ஆண்டுக்கு ஒரு காலம். பறித்து முடிந்ததும் கையிலிருந்த காசோடு அதே காட்டு வழியில் ஊர் திரும்புவார்கள். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. அது வந்த பிறகே குடும்பத்தோடு லயங்களில் நிரந்தரமாகத் தங்க வேண்டியதாயிற்று. ஒரு செடி போய் இன்னொரு செடி வந்ததால் ஒரு சமூகத்தின் வாழ்க்கை முறையே மாறிப்போன இந்தச் செய்தியை விடச் சுவையான எதையும் ஒரு சுற்றுலாப் பலகையில் எழுத முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதை எழுதிய பலகை ஒன்றையேனும் நான் போய்வந்த மலையக ஊர்களில் கண்டதில்லை.

பொங்கல் கழிந்த அந்த வாரத்தில், அந்த மக்களில் ஒரு பகுதியினர் புறப்பட்ட அதே சேலம் மாவட்டத்தின் மலை ஒன்றில் நின்றுகொண்டிருந்தோம் என்பதை, இரவு படுக்கையில்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மாவின் முன்னோர் எந்த ஊரிலிருந்து புறப்பட்டார்கள் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. திருச்சிப் பக்கம் என்று ஒரு பேச்சு மட்டும் உண்டு.

ஏற்காட்டை ஒரு குறையில்லாத ஊராக உங்கள் முன் நிறுத்த நான் விரும்பவில்லை. வார இறுதியில் வாகனம் நெரிகிறது, காட்சி முனைகளின் சரிவில் பிளாஸ்டிக் போத்தல் குவிகிறது. எங்களுக்கு அங்கே சொல்லப்பட்ட கதையிலும், அந்த மலைக்குக் கோப்பி கொண்டுவந்தவர் என்று 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த கொக்பேர்ன் என்ற பிரித்தானியரின் பெயர்தான் முதலில் வந்தது. அந்த மலையின் பழங்குடியினரான மலையாளிகள் எனப்படும் மக்களைப் பற்றி நாங்கள் கேட்ட பிறகே சொன்னார்கள். இந்தியாவில் முதன்முதலாகப் பழைய கற்காலக் கற்கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் நினைவிடம் அங்குள்ள தேவாலய வளவில் இருக்கிறது. பெயர் பொறித்த அந்தக் கல்லின் முன் நின்றபோது, மன்னாருக்கும் மாத்தளைக்கும் இடையில் கல் இல்லாமல் கிடப்பவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் ஒன்றில் அந்த ஊர் எங்களை வென்றுவிட்டது: அங்கே கோப்பி இன்னும் ஊராருடைய பொருள். தெருவில் வறுபடுகிறது, தெருவில் உள்ளவரே வாங்கிக் குடிக்கிறார், தோட்டத்தில் வேலை செய்பவரே இலையைத் திருப்பிக் காட்டித் தம் மொழியில் விளக்குகிறார். பயணி வந்தால் அதில் ஒரு கோப்பையை அவருக்கும் ஊற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். அந்தப் பயணத்துக்குச் சில மாதங்கள் முன்பு, மலையகத்தில் பழைய துரை பங்களா ஒன்றைத் திருத்தி அமைத்த ஓர் இடத்துக்கு அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். இடத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. நடத்துபவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருந்தார்கள், கோப்பியும் நன்றாகவே இருந்தது. மேசையில் வைத்திருந்த அட்டையில் கோப்பியின் வரலாறு ஆங்கிலத்தில் மட்டும் அச்சிடப்பட்டிருந்தது. அதில் மூன்று துரைமாரின் பெயர்கள், பங்களாவின் கூரைத் தகடு எந்த நாட்டிலிருந்து வந்தது என்ற விபரம், ஒரு குதிரையின் பெயர்கூட இருந்தது. தொழிலாளர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. தமிழ் ஓரிடத்தில் மட்டும் இருந்தது: நுழைவாயிலில் மும்மொழிகளில் வைத்த பெயர்ப் பலகை. அதில் சிங்களமும் ஆங்கிலமும் சரியாக இருக்க, தமிழில் 'கோப்பி' என்பதற்குப் பதிலாகக் 'கேப்பி' என்று எழுதியிருந்தது.

பிழை எப்படி நேர்ந்தது என்பது ஒப்புநோக்குநர் ஒருவருக்குப் பார்த்தவுடன் விளங்கும். 'கோ' என்ற எழுத்துக்கு முன்னால் ஓர் இரட்டைக் கொம்பும் பின்னால் ஒரு துணைக்காலும் வேண்டும். கணினியில் எழுத்துரு மாற்றும்போதோ, பலகைக்கு எழுத்து வெட்டும்போதோ அந்தத் துணைக்கால் உதிர்ந்துவிட்டால் 'கோ' என்பது 'கே' ஆகிவிடும். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம், அந்தத் தோட்டத்தில் வேலை செய்யும் நூற்றுக்கணக்கானவர்களில் யாரோ ஒருவரிடம், பலகையை ஆணியடிப்பதற்கு முன் ஒரு தரம் காட்டியிருந்தால் போதும். என் தாயார் மூன்றாம் வகுப்பு வரை தோட்டப் பாடசாலையில் படித்தவர். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து கூட்டிக் கூட்டி வாசித்துவிட்டு, "என்னடா இது, கோப்பியோட கால ஒடிச்சிப்புட்டானுகளே" என்றார். நாங்கள் சிரித்தோம். மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த கால்கள் நினைவுக்கு வந்த பிறகு என்னால் அதைச் சிரிப்போடு நினைக்க முடியவில்லை.

இது ஒரு தனியார் இடத்தின் தவறு, இதற்கு அரச அதிகாரிகள் என்ன செய்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் 1987-இல் தமிழும் அரச கரும மொழியான பிறகு வைக்கப்பட்ட அரச பலகைகளிலும் இத்தகைய ஒடிந்த கால்களை நாடு முழுவதும் நாங்கள் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அரசு காட்டும் அசட்டைதான் தனியாருக்கு அளவுகோலாகிறது. சுற்றுலா இடமொன்றுக்கு அனுமதி வழங்கும்போது கழிப்பறையையும் தீயணைப்புக் கருவியையும் சோதிப்பது போல, வரலாற்றைச் சொல்லும் பலகைகளின் மும்மொழி வாசகத்தையும் ஒருவர் வாசித்துப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்று ஒரு விதி சேர்ப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

கோப்பிக்கென்று ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் எண்ணம் உங்களுக்கு உண்டாயின், அது மாத்தளையாக இருக்கட்டும் என்பது என் அபிப்பிராயம். கம்பளைக்காரர்கள் சின்னப்பிட்டியவைச் சொல்லி என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன். மாத்தளை பெரிய உயரத்தில் இல்லை. குளிரைத் தேடி வருபவருக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் வடக்கிலிருந்து வந்த நடைபாதை மலையைத் தொட்ட வாசல் அது. நடந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் கொண்டாடும் முத்துமாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. மாசி மகத்துக்கு ஐந்து தேர்கள் ஓடுகின்றன. கோப்பிக்காக நீட்டிய புகையிரதப் பாதையின் முடிவு நிலையமும் அதுதான். மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023-இல் தலைமன்னாரில் ஜூலை 28-இல் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12-இல் வந்து முடிந்ததும் மாத்தளையில்தான். அந்தப் பாதையை அன்று நடந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த மரத்தடியில் தங்கலாம் என்பதை இந்நேரம் உங்களைவிட அவர்கள் நன்றாக அறிவார்கள். வழித்தடம் வகுக்கும் வேலையை ஆலோசனை நிறுவனங்களிடம் கொடுப்பதற்கு முன் அவர்களை ஒரு மேசைக்கு அழையுங்கள்.

பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். நிலையத்தில் இறங்கும் ஒருவர், அவசரமில்லாமல், ஒரு பகல் பொழுதை நடந்தே கழிக்கும்படி இருந்தால் போதும்: இடையிடையே நிழலில் உட்கார வாங்குகள், வீட்டு வளவில் நான்கு கோப்பி மரம் வைத்திருக்கும் குடும்பம் ஒன்று தாச்சியில் வறுத்து, கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்து இடித்து, பனங்கட்டித் துண்டோடு ஒரு கோப்பை விற்கத் தடையில்லாத எளிய அனுமதி, தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு வழிகாட்டி உரிமம். அந்த உரிமத் தேர்வைத் தமிழிலும் எழுத முடியுமாக இருக்க வேண்டும். ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர்தான் வழிகாட்டி என்று வைத்துவிட்டால், இலையைத் திருப்பிக் காட்டத் தெரிந்தவர் வெளியே நிற்பார், அட்டையை மனப்பாடம் செய்தவர் உள்ளே வருவார். அப்புறம் அந்தக் குதிரையின் பெயரை நாம் இன்னொரு நூற்றாண்டுக்குக் கேட்டுக்கொண்டிருப்போம்.

நிழலின்றி ஒரே பயிரை மலை முழுவதும் நட்டுக் கெட்ட நாடு இது என்பதையும் மறக்க வேண்டாம். மறுபடியும் கோப்பி நடுபவர்களுக்கு விவசாய உத்தியோகத்தர்கள் அதைச் சொல்லுவார்கள். பயணிக்கு நாம்தான் சொல்ல வேண்டும். துரு பிடித்த இலை ஒன்றை மறைக்காமல் காட்டி, இதனால்தான் நீங்கள் இந்த நாட்டைத் தேயிலை நாடு என்று அறிந்திருக்கிறீர்கள் என்று சொல்லும் வழிகாட்டியை எந்தப் பயணியும் மறக்கமாட்டார்.

ஏற்காட்டில் வாங்கிய கோப்பித்தூள் கொழும்புக்கு வந்து மூன்று வாரத்தில் தீர்ந்துவிட்டது. 80-க்கு 20 கலவை அம்மாவுக்குப் பிடிக்கவேயில்லை. கசப்பைக் கூட்டிக் காசைக் குறைக்கும் வேலை அது என்பது அவருடைய முடிவு, அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. புடைவைத் தலைப்பில் அவர் முடிந்துகொண்டு வந்துவிடப் பார்த்த இரண்டு விதைகளையும், சுங்கத்தையும் நோயையும் எண்ணி, விமான நிலையத்துக்குப் போகுமுன் நான் வாங்கி அப்பால் போட்டுவிட்டேன். அதற்காக இன்றுவரை திட்டு வாங்குகிறேன். துரு நோயின் கதையை அவருக்கு இரண்டு தரம் சொல்லியும் பயனில்லை.

கடைசியாக ஒரு விண்ணப்பம். கோப்பி பற்றியோ மலையகம் பற்றியோ நீங்கள் வைக்கப்போகும் எந்தப் பலகையின், எந்தக் கையேட்டின் தமிழ் வாசகத்தையும் அச்சுக்குப் போகுமுன் படித்துத் திருத்தித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். கூலி வேண்டாம். பிரதியைத் தபாலில் அனுப்பினாலும் சரி, அலுவலகத்துக்கு வரச் சொன்னாலும் சரி. 10 பக்கம் வரை அன்றே தருவேன், அதற்கு மேற்பட்டால் மறுநாள் தருவேன். எழுத்தின் அளவு மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். வெட்டிய பலகையையே பார்க்க வேண்டுமென்றால், ஆணியடிக்கும் முன் சொல்லி அனுப்புங்கள், பஸ் ஏறி வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஒப்புநோக்குநர் ஒருவர்,
கொழும்பு